திரைவாசிப்பான் ஊமையானால்: அறிகுறியைக் கேட்டுச் சரிசெய்யும் வழி

பார்த்து வேலை செய்பவருக்குக் கணினி மக்கர் செய்தால் திரையில் ஒரு பிழைச் செய்தியாவது நிற்கும். திரையில் இருப்பதைக் குரலாக வாசிக்கும் திரைவாசிப்பான் என்ற மென்பொருளை நம்பி வேலை செய்யும் பார்வையற்ற நமக்கோ, என்ன கோளாறு என்று சொல்ல வேண்டிய வாயே அடைத்துக்கொள்கிறது. அதனால் கைக்கு வந்த விசையை எல்லாம் அழுத்துவதற்கு முன்னால், இன்னும் உயிரோடு இருப்பது எது என்று காதால் தேட வேண்டும். கோளாறு மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: ஒலி, திரைவாசிப்பான், அல்லது திறந்து வைத்திருக்கும் செயலி. எந்த இடம் என்று பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பக்கத்தில் பார்வையுள்ளவர் இருந்தால் கூப்பிடலாம், தப்பில்லை. ஆனால் பெரும்பாலும் அவர் மவுஸை எடுத்து நாலு சொடுக்கு சொடுக்கி ‘ஆச்சு’ என்று எழுந்து போய்விடுவார். அடுத்த வாரம் அதே கோளாறு வந்தால் மறுபடியும் அவர்தான் வர வேண்டும். என்ன செய்தார் என்று கேட்டால் அவருக்கே நினைவிருக்காது.

நான் பயன்படுத்துவது விண்டோஸும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானும். என்விடிஏ இலவசம், ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-இல் எழுதத் தொடங்கியது. ஜாஸ் என்ற இன்னொரு திரைவாசிப்பானை வைத்திருப்பவர்களுக்கும் அறிகுறிகள் ஏறக்குறைய இவைதான், விசைகள் மட்டும் மாறும். கீழே ‘என்விடிஏ விசை’ என்று வரும் இடமெல்லாம் இன்சர்ட் என்று கொள்ளுங்கள். கேப்ஸ் லாக்கை அதற்கு அமைத்திருந்தால் அதையும் அழுத்தலாம்.

சத்தமே இல்லை

முதலில் கன்ட்ரோல் + ஆல்ட் + என். என்விடிஏ ஓடாமல் இருந்தால் தொடங்கும். ஓடிக்கொண்டே தொங்கிப்போயிருந்தால் பழையதை மூடிவிட்டுப் புதிதாகக் கிளம்பும். பத்து, பதினைந்து நொடி பொறுத்துக் கேளுங்கள். கிளம்பும்போது கீழிருந்து மேலே ஏறும் சின்ன இசை ஒன்று வரும். இங்கே மூன்று விதமாக நடக்கலாம்.

இசையும் வந்து பேச்சும் வந்தால் விஷயம் முடிந்தது, வேலையைப் பாருங்கள்.

இசை வந்து பேச்சு வரவில்லை என்றால் ஒலி நன்றாகத்தான் இருக்கிறது, பேச்சில்தான் ஏதோ. என்விடிஏ விசை + எஸ் அழுத்துங்கள், ஒரு நொடி விட்டு மறுபடி அழுத்துங்கள். இது பேச்சு முறையை மாற்றும் விசை: பேச்சு இல்லை, பீப் மட்டும், பேச்சு, கேட்டால் மட்டும் பேச்சு என்று சுற்றி வரும். கடைசியாகச் சொன்னது 2024.1 பதிப்பில் சேர்ந்தது. அந்த முறையில் இருந்தால் அம்புக்குறியை எத்தனை தடவை தட்டினாலும் வாய் திறக்காது. ஆனால் என்விடிஏ விசை + டி (T) போட்டுத் தலைப்பைக் கேட்டால் உடனே சொல்லும். அதனால் குழப்பம் இன்னும் கூடும். கோப்பைச் சேமிக்கக் கன்ட்ரோல் + எஸ் போடப்போய், விரல் தவறி இன்சர்ட் + எஸ் விழுவதுதான் இதற்கு வழக்கமான காரணம். ‘பேச்சு’ என்று வரும்வரை தட்டுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால், அல்லது இசையே வரவில்லை என்றால், கன்ட்ரோல் + விண்டோஸ் + என்டர். விண்டோஸோடு வரும் நரேட்டர் என்ற திரைவாசிப்பான் தொடங்கும். நரேட்டர் பேசினால் ஸ்பீக்கர் மீது பழி இல்லை, என்விடிஏவில்தான் கோளாறு. இப்போது நரேட்டரை வழித்துணையாக வைத்துக்கொண்டு என்விடிஏவைச் சரிசெய்யலாம். என்விடிஏ விசை + கன்ட்ரோல் + எஸ் போட்டால் எழுத்தைக் குரலாக்கும் பேச்சுப்பொறியைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி திறக்கும். அங்கே ஈஸ்பீக்கைத் தேர்ந்து என்டர் தட்டுங்கள். ஈஸ்பீக் என்விடிஏவுக்குள்ளேயே இருப்பது, அதனால் மற்ற குரல்கள் காலை வாரினாலும் அது இருக்கும். வேலை முடிந்ததும் அதே மூன்று விசைகளால் நரேட்டரை நிறுத்த மறக்காதீர்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒன்றும் புரியாது.

நரேட்டரும் பேசவில்லையா? ஒலி வேறு எங்கோ போகிறது. ஒலி கூட்டும் விசையைப் பத்துத் தடவை அழுத்துங்கள், நஷ்டமில்லை. புளூடூத் ஹெட்போன் எங்கே என்று தேடுங்கள். ஒருமுறை அரை மணி நேரம் போராடிய பிறகு, அலமாரியில் துணிக்கு நடுவே கிடந்த என் ஹெட்போன் என் மின்னஞ்சல்களை வேட்டிகளுக்கு வாசித்துக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தேன். எச்டிஎம்ஐ வழியாக வெளித்திரையோ டிவியோ இணைத்திருந்தால் அந்த வயரைப் பிடுங்குங்கள். ஸ்பீக்கர் இல்லாத திரைக்கும் விண்டோஸ் ஒலியை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கும். வயர் வைத்த சாதாரண இயர்போன் ஒன்றை எப்போதும் மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். அதைச் செருகினால் பெரும்பாலும் ஒலி அதற்குத் தாவிவிடும், அப்புறம் நிதானமாக அமைப்புகளைப் பார்க்கலாம்.

கணினியே தூங்கிவிட்டதோ என்ற சந்தேகம் இருந்தால் விண்டோஸ் + கன்ட்ரோல் + ஷிஃப்ட் + பி (B). இது திரை இயக்கியைப் புதுப்பிக்கும் விசை. கூடவே ஒரு சின்ன பீப் வரும். திறந்திருக்கும் வேலைக்கு ஒன்றும் ஆகாது. பீப் கேட்டால் விண்டோஸ் விழித்துத்தான் இருக்கிறது. கேட்காவிட்டால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

பேசுகிறது, ஆனால் முதல் அசையை விழுங்குகிறது

சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் ஆபத்தானது. தேர்வுப்பெட்டி ஒன்றில் ஸ்பேஸ் தட்டுகிறீர்கள். அது ‘நாட் செக்ட்’ என்கிறது. முதல் சொல் விழுங்கப்பட்டு உங்கள் காதில் ‘செக்ட்’ மட்டும் விழுகிறது. சொன்னதும் கேட்டதும் நேர் எதிர். படிவத்தை அப்படியே அனுப்பிவிடுவீர்கள்.

மின்சாரத்தை மிச்சப்படுத்த ஒலிச்சாதனம் தூங்கிப்போவதுதான் காரணம். எழுந்து வருவதற்குள் அசை போய்விடுகிறது. புளூடூத்தில் இது அதிகம். புதிய என்விடிஏ பதிப்புகளில் ஒலி அமைப்புகளுக்குள், பேச்சு முடிந்த பிறகும் சாதனத்தை எவ்வளவு நேரம் விழித்திருக்க வைப்பது என்று ஒரு இடம் இருக்கிறது. நொடிக் கணக்கைக் கூட்டுங்கள்.

குரல் திடீரென்று மாறிவிட்டது

தலைதெறிக்க ஓடுகிறது, அல்லது கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறது. என்விடிஏ விசை + கன்ட்ரோலோடு அம்புக்குறி பட்டிருக்கும். இடம் வலம் போனால் வேகம், சுருதி, ஒலியளவு என்று மாறும். மேல் கீழ் போனால் அளவு கூடிக் குறையும். மடிக்கணினி விசை அமைப்பில் ஷிஃப்ட்டும் சேர வேண்டும். முழுவதும் குழம்பிவிட்டால் என்விடிஏ விசை + கன்ட்ரோல் + ஆர் ஒருமுறை: கடைசியாகச் சேமித்த அமைப்புக்குத் திரும்பும். மூன்று முறை வேகமாக அழுத்தினால் எல்லாமே தொழிற்சாலை அமைப்புக்குப் போய்விடும். ஆத்திரத்தில் மூன்று முறை தட்டிவிட்டு அப்புறம் வருந்தியவர்களில் நானும் ஒருவன்.

தட்டச்சு செய்தால் எழுத்து விழாமல் பக்கம் தாவுகிறது

புதிதாக வருபவர்களில் பத்தில் எட்டுப் பேர் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். இணையப் பக்கத்தில் தேடல் பெட்டியில் நின்றுகொண்டு ‘ஹெல்ப்’ என்று ஆங்கிலத்தில் தட்டுகிறார். ஹெச் அவரை அடுத்த தலைப்புக்குத் தூக்கிப்போடுகிறது, ஈ ஏதோ ஒரு எழுதும் பெட்டிக்கு, எல் ஒரு பட்டியலுக்கு. மூன்று எழுத்துக்குள் பக்கத்தில் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது.

கணினி கெடவில்லை. நீங்கள் பிரவுஸ் மோடில் இருக்கிறீர்கள். அதில் எழுத்துகள் எழுதுவதற்கு இல்லை, நடப்பதற்கு: ஹெச் தலைப்பு, கே இணைப்பு, பி (B) பொத்தான், டி (T) அட்டவணை. எழுத வேண்டுமானால் ஃபோகஸ் மோடுக்குப் போக வேண்டும். எழுதும் பெட்டியில் நின்று என்டர் தட்டினால் போகும். என்விடிஏ விசை + ஸ்பேஸ் போட்டாலும் போகும். ஜாஸில் பிரவுஸ் மோடுக்கு மெய்நிகர் கர்சர் என்று பெயர், அதை அணைக்க இன்சர்ட் + இசட். இரண்டு முறைகளுக்கும் வேறு வேறு ஒலி உண்டு. அந்த இரண்டையும் காதுக்குப் பழக்கிக்கொள்வது எந்த விசையை மனப்பாடம் செய்வதைவிடவும் உதவும்.

இதே கோளாறு தலைகீழாகவும் வரும்: அம்புக்குறி தட்டினால் பக்கம் படிக்க மாட்டேன் என்கிறது, பெட்டிக்குள்ளேயே சுற்றுகிறது. ஃபோகஸ் மோடில் மாட்டிக்கொண்டீர்கள். எஸ்கேப் தட்டினால் வெளியே வரலாம். ஆனால் நீங்களாகவே என்விடிஏ விசை + ஸ்பேஸ் போட்டு உள்ளே போயிருந்தால் எஸ்கேப்புக்கு மசியாது. அதே விசையைத்தான் மறுபடி போட வேண்டும். ‘எஸ்கேப் வேலை செய்யவில்லை’ என்ற புகாரின் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

எழுத்து விழுகிறது, ஆனால் காதில் விழவில்லை என்றால் அது வேறு சங்கதி: என்விடிஏ விசை + 2 எழுத்தைச் சொல்வதற்கு, + 3 சொல்லைச் சொல்வதற்கு. கடவுச்சொல் பெட்டியில் நட்சத்திரம் என்று மட்டும் சொல்வது கோளாறு இல்லை, அப்படித்தான் சொல்ல வேண்டும். எண்பலகையில் நகரப் பார்த்தால் எண்கள் விழுகின்றனவா? நம் லாக் (Num Lock) போட்டிருக்கிறது.

தமிழ் மட்டும் சரியாக வரவில்லை

இதற்குள் மூன்று தனித்தனிக் கோளாறுகள் உண்டு. மூன்றையும் ஒன்றாக எண்ணிக் குரலை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒன்று, வரி வந்தால் மௌனம். ஆங்கிலம் படிக்கிறது, தமிழ் வரியில் வெற்று வரி போலத் தாண்டிப் போகிறது. பல ஆங்கிலக் குரல்களுக்குத் தமிழ் எழுத்து என்றால் என்னவென்றே தெரியாது, அதனால் சும்மா இருந்துவிடும். ஈஸ்பீக்கில் தமிழ்க் குரல் இருக்கிறது. இயந்திரத்தனமாக இருக்கும், ஆனால் எவ்வளவு வேகத்திலும் தெளிவு குறையாது, நடுவில் வரும் ஆங்கிலச் சொல்லை ஆங்கிலமாகவே சொல்லும். மனிதக் குரல் போல வேண்டுமென்றால் விண்டோஸின் மொழி அமைப்புகளில் தமிழைச் சேர்த்து, அதன் பேச்சுக் கூறையும் நிறுவுங்கள். வள்ளுவர் என்ற குரல் வரும். பிறகு பேச்சுப்பொறியாக விண்டோஸ் ஒன்கோரைத் தேர்ந்து, என்விடிஏ விசை + கன்ட்ரோல் + வி போட்டு அந்தக் குரலை எடுங்கள். பேச்சு அமைப்பில் ‘தானாக மொழி மாறுதல்’ என்று ஒன்று உண்டு. அது வேலை செய்வது, பக்கத்தை உருவாக்கியவர் இது தமிழ் என்று குறித்து வைத்திருந்தால்தான். தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலம் என்று குறித்துவிட்டுப் போனவர்கள் ஏராளம். அங்கே அந்த அமைப்பை அணைத்துவிட்டுத் தமிழ்க் குரலை நேராக வைத்துக்கொள்வதே நல்லது.

இரண்டு, தமிழ் ஆவணம் என்று சொல்லி அனுப்பினார்கள், திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கொட்டுகின்றன. ‘ஜே கே பி ஓ அரைப்புள்ளி’ என்று கேட்டால் பதற வேண்டாம். அது ‘தமிழ்’ என்ற சொல்தான். பாமினி எழுத்துருவில் தட்டியது. அந்த எழுத்துருவில் ஜே என்ற எழுத்தின் உருவத்தைத் த போல வரைந்திருக்கிறார்கள். கண்ணுக்கு அது த. கணினிக்கு அது இன்னும் ஜே, திரைவாசிப்பான் படிப்பதும் ஜேதான். குரலை மாற்றி இதைச் சரிசெய்யவே முடியாது.

உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. அந்த எழுத்தின் மேல் நின்று, நம் லாக் அணைத்து, எண்பலகையில் 2-ஐ மூன்று முறை வேகமாகத் தட்டுங்கள். மடிக்கணினி அமைப்பில் என்விடிஏ விசை + முற்றுப்புள்ளி, அதுவும் மூன்று முறை. எழுத்தின் எண்ணைச் சொல்லும். 2944 முதல் 3071 வரை வந்தால் யூனிகோட் தமிழ், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீட்டில் தட்டியது. உதாரணமாகத் த என்றால் 2980. அதற்குப் பதில் 106 வந்தால் அது ஜே. ஆவணத்தை யூனிகோட் மாற்றியில் போட்டு எடுங்கள். முடிந்தால் அனுப்பியவரிடமே மாற்றித் தரச் சொல்லுங்கள். ‘எனக்கு நன்றாகத்தானே தெரிகிறது’ என்பார். அவருக்குத் தெரியும், அதுதான் சிக்கலே.

மூன்றாவது, படிக்கிறது, ஆனால் ஒரு சொல்லை மட்டும் விசித்திரமாகப் படிக்கிறது. ஔவையார் என்று வர வேண்டிய இடத்தில் ‘ஒளவையார்’ என்று ‘ஒ, ள’ எனப் பிரித்துச் சொல்கிறதா? எழுதியவர் ஔ என்ற ஒரே எழுத்தைத் தட்டாமல் ஒ-வையும் ள-வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பிழை திருத்துபவர்கள் வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்டதை நம் காது ஒரு நொடியில் பிடித்துவிடும். துணைக்காலுக்குப் பதில் ர தட்டியிருப்பதும் இதே ரகம். உங்கள் பக்கம் எதையும் மாற்ற வேண்டாம், எழுதியவரிடம் சொல்லுங்கள்.

நீங்களே தமிழில் தட்டும்போது ஒன்று நினைவில் இருக்கட்டும். அம்புக்குறி ‘கொ’-வை ஒரே எழுத்தாகத் தாண்டும். பேக்ஸ்பேஸ் கொம்பையும் காலையும் மட்டும் எடுத்துவிட்டுக் க-வை விட்டு வைக்கும். அழித்தாயிற்று என்று நினைத்து அடுத்ததைத் தட்டாமல், ஒரு தடவை அம்புக்குறியால் திரும்பிப் பாருங்கள்.

பிடிஎஃப் ‘வெற்று ஆவணம்’ என்கிறது

ஸ்கேன் செய்த படம் அது. உள்ளே எழுத்தே கிடையாது. ஆங்கிலம் என்றால் பக்கத்தில் நின்று என்விடிஏ விசை + ஆர்: விண்டோஸின் எழுத்துணரியை வைத்துப் படித்துக் காட்டும். தமிழுக்கு இந்த வழி உதவாது. கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸாகத் திறந்தால் எழுத்தாக மாற்றித் தரும்; இணையம் வேண்டாம் என்றால் டெசராக்ட் என்ற எழுத்துணரி மென்பொருள் தமிழையும் கையாளும். பழைய அச்சுப் பக்கங்களில் இரண்டுமே தடுமாறும். எண்களை நம்பாதீர்கள், தொகை, தேதி, கணக்கு எண் இவற்றை மட்டும் யாரிடமாவது ஒரு தடவை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஒரே ஒரு செயலியில் மட்டும் மௌனம்

மற்ற எல்லா இடத்திலும் பேசுகிறது, ஒரு செயலிக்குள் போனால் கப்சிப். என்விடிஏ விசை + ஷிஃப்ட் + எஸ் தெரியாமல் பட்டிருக்கலாம். அது அந்தச் செயலிக்கு மட்டும் தூக்க முறை போடும். மடிக்கணினி அமைப்பில் எஸ்ஸுக்குப் பதில் இசட். செயலிக்குள் நின்றபடியே மறுபடி அழுத்துங்கள்.

பென் டிரைவில் வைத்து ஓட்டும் என்விடிஏ என்றால் நிர்வாகி அனுமதியோடு ஓடும் செயலிகளைப் படிக்காது. அனுமதி கேட்கும் திரையும், கடவுச்சொல் கேட்கும் உள்நுழைவுத் திரையும் அப்படியே. கணினியில் முறையாக நிறுவினால்தான் அங்கெல்லாம் பேசும்.

ஒரு செயலி இல்லை, பலவற்றில் ‘அன்னோன்’, ‘பேன்’ என்று மட்டும் சொல்கிறதா? சமீபத்தில் ஏதாவது மென்பொருளை நீக்கினீர்களா என்று யோசியுங்கள். போகும்போது விண்டோஸின் சில பதிவுகளையும் அது பிய்த்துக்கொண்டு போயிருக்கும். என்விடிஏ விசை + என், கருவிகள் பட்டியலில் சிஓஎம் பதிவு சரிசெய்யும் கருவி இருக்கிறது. ஓட்டிவிட்டுக் கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள்.

‘பட்டன், பட்டன், பட்டன்’

இது உங்கள் கோளாறும் இல்லை, என்விடிஏவின் கோளாறும் இல்லை. பொத்தானுக்குப் பெயர் வைக்காமல் படத்தை மட்டும் ஒட்டியவர்களின் வேலை. எழுத்துள்ள படமாக இருந்தால் என்விடிஏ விசை + ஆர் ஓரளவு காட்டிக்கொடுக்கும். இல்லையென்றால் எத்தனையாவது பொத்தான் என்று எண்ணி வைத்துக்கொண்டு பழக வேண்டியதுதான், அடுத்த பதிப்பில் இடம் மாறும்வரை. பணம் அனுப்பும் திரையில் மட்டும் இந்த எண்ணிக்கை வித்தையைச் செய்யாதீர்கள்.

ஒவ்வொரு விசைக்கும் மூன்று நொடி

ஆல்ட் + டேப் போட்டு வேறு சாளரத்துக்குப் போங்கள். அங்கே வேகமாகப் பேசினால் முதல் செயலிதான் திணறுகிறது, பொறுங்கள் அல்லது மூடுங்கள். எங்கே போனாலும் மந்தம் என்றால் என்விடிஏவோடு கூடுதலாகச் சேர்த்த துணைநிரல்களைச் சந்தேகியுங்கள்: என்விடிஏ விசை + க்யூ, வரும் பெட்டியில் துணைநிரல்கள் இல்லாமல் மறுதொடக்கம் செய்யும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். வேகம் திரும்பினால் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். ஆண்டின் முதல் பதிப்புக்கு, அதாவது .1 என்று முடியும் பதிப்புக்கு, மாறிய கையோடு பழைய துணைநிரல்கள் நின்றுபோவது வழக்கம். நான் அந்தப் பதிப்பை ஒரு மாதம் தள்ளித்தான் போடுவேன். பக்கம் புதுப்பித்தும் பழைய தகவலையே படித்தால் என்விடிஏ விசை + எஃப்5.

நமக்குப் பேசுகிறது, பார்ப்பவருக்குத் திரை கறுப்பு

இது மட்டும் நம்மால் கண்டுபிடிக்க முடியாத அறிகுறி. யாராவது வந்து சொல்ல வேண்டும். என் மடிக்கணினியைப் பார்த்த ஒருவர் திரை செத்துவிட்டது என்றார். பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தேன். திரையை மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். அங்கே என்விடிஏ ஓடாமல் இருந்தபோது படம் வந்திருக்கும் என்பதை யாரும் யோசிக்கவில்லை, நானும்தான். வீட்டுக்குத் திரும்பி, வேறெதற்கோ அமைப்புகளைத் துழாவும்போது ‘திரைச்சீலை’ என்ற பெட்டியில் தேர்வு விழுந்திருப்பதைக் கேட்டேன். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்க்காமல் இருக்கத் திரையைக் கறுப்பாக்கும் வசதி அது. ஆறு மாதத்துக்கு முன்னால் வங்கிக் கணக்கு பார்க்க நானே போட்டது. இப்போது என்விடிஏ விசை + கன்ட்ரோல் + எஸ்கேப் தட்டினாலே போட்டு எடுக்கலாம். யாராவது திரை கறுப்பு என்றால் முதலில் அதைத் தட்டிவிட்டு, ‘இப்போ தெரியுதா?’ என்று கேட்கிறேன்.